சீழ்க்கைக்குக் காத்திருந்த கீரி

நாவல்மடுக் காட்டில் சிலுப்பன் என்றொரு கீரி இருந்தான். பாம்பைக் கண்டால் அவன் ரோமம் கழுத்திலிருந்து வால் நுனிவரை சிலுப்பிக்கொண்டு நிற்கும். உடம்பு இரண்டு மடங்காகத் தெரியும். பாம்புக்கு எங்கே கொத்துவது என்று புரியாது. கொத்தினாலும் வாயில் வெறும் ரோமம்தான் அகப்படும்.

பாம்பு விரட்டுவதுதான் சிலுப்பனின் பிழைப்பு. மடுவைச் சுற்றிக் குடியிருந்த எல்லாருக்கும் அவன் வளை தெரியும். முயலின் பொந்துக்குள் விரியன் புகுந்துவிட்டால், முயல் ஓடிவந்து வளை வாசலில் காலைத் தட்டும். தவிட்டுக்குருவி குருவம்மாவின் கூட்டுப் பக்கம் சாரை வந்தால், அவள் இருந்த இடத்திலிருந்தே கத்துவாள். சிலுப்பன் போவான். பாம்பு சிக்கினால் அது அவனுக்கு. தப்பி ஓடிவிட்டால், கூப்பிட்டவர்கள் தங்களிடம் இருப்பதைக் கொடுப்பார்கள். நீர்நாய் நண்டு கொடுக்கும். குருவம்மா சருகுக்கு அடியில் கொழுத்த புழு எங்கே கிடக்கிறது என்று காட்டுவாள். முயலிடம் இருப்பது புல். புல்லைக் கீரி என்ன செய்வது? அதனால் முயல் நன்றி சொல்லிவிட்டுப் போகும். நரி அந்தப் பக்கம் நடமாடினால் முன்கூட்டியே வந்து சேதி சொல்லும். சிலுப்பனுக்குக் குட்டிகள் இருந்ததால், நண்டைவிட அந்தச் சேதி பெரிதாக இருந்தது.

குறை ஒன்றுதான். வேலை வந்தால் ஒரே நாளில் நாலு பக்கமிருந்தும் வரும். வராவிட்டால் நாள்கணக்கில் வராது. அந்த நாட்களில் சிலுப்பனுக்கு இருப்புக்கொள்ளாது. வளைக்கு வெளியே வருவான். உள்ளே போவான். மறுபடி வெளியே வருவான்.

"எங்கேயோ ஒருத்தருக்கு இந்நேரம் நான் தேவைப்படுறேன். அவங்க எங்கே இருக்காங்கன்னு எனக்குத் தெரியலை. நான் இங்கே இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியலை" என்று மனைவி காரியிடம் புலம்புவான்.

"முதல்ல உட்காருங்க. உங்களைப் பார்த்துப் பிள்ளைங்களும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்குதுங்க" என்பாள் காரி.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் மஞ்சரி என்ற மைனா அந்தக் காட்டுக்கு வந்தாள். டவுன் பஸ் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கு அடியில் பிறந்து வளர்ந்தவள். கூடவே ஒரு பெரிய மைனாக் கூட்டத்தையும் அழைத்து வந்திருந்தாள். எல்லாரும் தண்ணீர் குடிக்க வரும் வேளை பார்த்து நாவல் கிளையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். டவுன்ல மனுஷங்க ஆட்டோ வேணும்னா இப்பல்லாம் தெருவுக்கு ஓடறதில்லை. உள்ளே உட்கார்ந்தபடி போனைத் தொடறாங்க, வாசல்ல ஆட்டோ வந்து நிக்குது. குழாய் ஒழுகினாலும் அப்படித்தான். இந்தக் காட்டுக்கு மட்டும் அது ஏன் வேணாம்? இனி மரத்துக்கு ஒரு மைனா இருப்போம். பாம்புத் தொல்லைன்னா பக்கத்து மைனாகிட்டே சொல்லுங்க. அவ சீழ்க்கை அடிப்பா. அதை அடுத்த மரம் வாங்கிக்கும், அதுக்கு அடுத்த மரம் வாங்கிக்கும். யாருக்குச் சேரணுமோ அந்தக் கீரிக்குப் போய்ச் சேரும்."

"அதுக்கு நாங்க என்ன கொடுக்கணும்?" என்று கேட்டாள் குருவம்மா.

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணுமே வேணாமா?"

"நீங்க நல்லா இருந்தா போதும்" என்றாள் மஞ்சரி.

அன்று மடுக்கரையில் பேச்சு ஓயவில்லை. காலம் மாறும்போது நாமும் மாறாவிட்டால் நாம்தான் பின்தங்குவோம் என்றது முயல். தண்ணீருக்குள் சீழ்க்கை கேட்காதே, எனக்கு இதனால் என்ன பயன் என்றது நீர்நாய். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரி, "ஒண்ணும் வேணாம்னு சொல்றவங்களுக்கு என்ன வேணும்னு நமக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். சிலுப்பன் காதில் அது விழவில்லை. அவன் மனம் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தது. அத்தனை மரங்களிலிருந்தும் தன்னைக் கூப்பிடப்போகிறார்கள்.

மறுநாளே கூப்பிட்டார்கள்.

உண்மையைச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் அது பெரிய உபகாரமாகவே இருந்தது. மடுவின் அக்கரையில் ஒரு அணில் குடும்பம் இருந்தது. அவர்களைச் சிலுப்பன் பார்த்ததே இல்லை. அவர்களுடைய மரப்பொந்தை நோக்கி ஒரு நல்லபாம்பு ஏறுகிறது என்று சீழ்க்கை வந்தது. சிலுப்பன் பாய்ந்து ஓடினான். பாம்பைப் பாதி மரத்திலிருந்து இழுத்துப் போட்டான். அணில் தாய் அழுதபடியே கும்பிட்டாள். மைனா மட்டும் இல்லாவிட்டால் அந்தக் குட்டிகள் அன்றோடு போயிருக்கும்.

வேலை முடிந்ததும் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வேலை எப்படி என்று அணிலிடம் மைனா கேட்டாள். ரொம்ப நன்றாக இருந்தது என்றால் ஐந்து சீழ்க்கை, சுமார் என்றால் மூன்று, மோசம் என்றால் ஒன்று. அணில் ஐந்து கொடுத்தாள். "சிலுப்பன், ஐந்து சீழ்க்கை!" என்று மரத்துக்கு மரம் செய்தி போயிற்று. காட்டின் கடைசி வரை தன் பெயர் போவதைச் சிலுப்பன் நின்று கேட்டான். நண்டு தின்றபோது கூட அவனுக்கு அப்படி ருசித்ததில்லை.

அதன்பிறகு அவன் காலில் சக்கரம் கட்டியதுபோல் ஆயிற்று. காலையில் அக்கரை, மதியம் பாறைக்காடு, மாலையில் மூங்கில் பக்கம். குட்டிகள் வளையில் வயிறு புடைக்கத் தின்றன. காரியும் குறை சொல்லவில்லை.

மழை முடிந்து நாவல் பூக்கும் காலம் வந்தது. மஞ்சரி மறுபடி கிளையில் உட்கார்ந்தாள்.

"நாள் முழுக்கச் சீழ்க்கை அடிச்சு எங்க பிள்ளைங்களுக்குத் தொண்டை கட்டிப்போகுது. இரை தேடவும் நேரம் இல்லை. அதனால கீரிகளுக்குக் கொடுக்கிற நண்டு, புழு எல்லாம் இனிமே எங்க வழியா வரட்டும். எங்க பங்கை எடுத்துக்கிட்டு மீதியைச் சேர்த்துடுவோம். இன்னொரு விஷயம். யாரும் கீரியை நேராக் கூப்பிடக் கூடாது, வேலை விஷயமா நேராப் பேசவும் கூடாது. கீரியும் நேராப் போகக் கூடாது. அப்படிச் செஞ்சா அவங்களுக்கு எங்க சீழ்க்கை கிடையாது."

நியாயம்தானே என்றுதான் சிலுப்பனுக்கும் தோன்றியது. உழைக்கிறார்கள், பங்கு கேட்கிறார்கள். ஆனால் முயலுக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. நன்றியும் நரியைப் பற்றிய சேதியும் பங்கு போடக்கூடிய பொருள் இல்லை என்று மைனாக்கள் சொல்லிவிட்டார்கள். முயல் பாறைக்காட்டில் மண்ணைப் பறித்துப் புழு எடுத்துவந்து கொடுக்கவேண்டியதாயிற்று. அதற்குப் புழு என்றாலே அருவருப்பு. ஒருமுறை சிலுப்பன் விரியனைத் துரத்தும் வேகத்தில் முயலின் பொந்து வாசல் கொஞ்சம் இடிந்துவிட்டது. முன்பென்றால் இருவரும் சிரித்திருப்பார்கள். இப்போது முயல் மைனாவைப் பார்த்து, "ரெண்டு சீழ்க்கை போடுங்க. நகம் தேய மண்ணு பறிச்சிருக்கேன். சும்மா கூப்பிடலை" என்றது.

"சிலுப்பன், இரண்டு சீழ்க்கை" என்று மரத்துக்கு மரம் செய்தி போயிற்று.

அன்றைக்குச் சிலுப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் கூப்பாடு குறைந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வேறு கீரிகள் வந்து சேர்ந்திருந்தார்கள். வேலை அவர்களுக்குப் போயிற்று. விட்ட பெயரைப் பிடிக்கச் சிலுப்பன் எவ்வளவு தூரமானாலும் போனான், எவ்வளவு சின்ன வேலையானாலும் போனான். மண்புழுவைப் பாம்பு என்று பயந்து கூப்பிட்ட தவளைக்குக்கூடப் போனான். மைனாக்களின் பங்கு கொஞ்சம் கூடியது. பிறகு இன்னும் கொஞ்சம் கூடியது. இரண்டு முறையும் மஞ்சரி நேரில் வரவில்லை. மரத்துக்கு மரம் செய்தி மட்டும் வந்தது.

வீட்டில் இருக்கும்போதும் அவன் வீட்டில் இல்லை. வாய் தின்னும், காது வெளியே இருக்கும். குட்டி ஏதோ கேட்கும். "இரு, இரு, சீழ்க்கை மாதிரி இருக்கு" என்பான். அது வெறும் மூங்கில் உரசலாக இருக்கும். தூக்கத்தில் அவன் காது மட்டும் துடித்துக்கொண்டிருப்பதைக் காரி பார்த்தாள்.

ஒருநாள் பாறைக்காட்டு வழியே வந்துகொண்டிருந்தான். புதருக்குள் ஒரு காடைக்குஞ்சு அலறியது. சிலுப்பன் யோசிக்காமல் பாய்ந்து, விரியன் பாம்பு ஒன்றை விரட்டிவிட்டான். மூச்சு வாங்க நிமிர்ந்தால் மேலே ஒரு மைனா.

"இது உனக்கு வந்த சீழ்க்கை இல்லையே" என்றாள் அவள்.

"சீழ்க்கைக்கு எங்கே நேரம்? குஞ்சு அலறிச்சு."

"வேற கீரிக்குச் சொல்லியாச்சு. அவர் வந்துக்கிட்டிருக்கார். அவர் வேலையை நீ எடுத்துக்கிட்டே. உனக்கு மூணு நாளைக்குச் சீழ்க்கை கிடையாது."

அந்த வேறு கீரி நாக்குத் தள்ள ஓடிவந்து சேர்ந்தான். கருவாலன் என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன். சிலுப்பன் ரோமத்தைச் சிலுப்பினான். கருவாலனும் சிலுப்பினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். கருவாலனின் விலா எலும்பு ரோமத்துக்கு மேலே தெரிந்தது. முதலில் உடம்பைத் தளர்த்தியவன் சிலுப்பன்தான்.

"என் வேலை எல்லாம் உனக்குத்தான் போகுதுன்னு நினைச்சேன், பங்காளி" என்றான்.

"உனக்குத்தான் போகுதுன்னு நான் நினைச்சேன்" என்றான் கருவாலன். "மைனாங்க எங்களை வரச்சொன்னப்ப இங்கே பாம்பு கொட்டிக் கிடக்குன்னு சொன்னாங்க. இப்ப பாம்பைவிடக் கீரிதான் அதிகம்."

சிலுப்பன் நேராக மஞ்சரியைத் தேடிப் போனான். காட்டிலேயே உயரமான இலுப்பை மரத்தில் அவள் இருந்தாள். சிலுப்பன் கழுத்தை அண்ணாந்து பேசவேண்டியிருந்தது.

"மஞ்சரி, பாடுபடறது நாங்க. பங்கு மேல பங்கு கேக்கறீங்க. வழியில ஒரு குஞ்சைக் காப்பாத்தினதுக்கு மூணு நாள் பட்டினி போடறீங்க. இது என்ன நியாயம்?"

மஞ்சரி கோபப்படவில்லை. கனிவாகத்தான் பேசினாள். "அண்ணே, யாரும் உங்களைக் கட்டி வைக்கலை. இது சந்தை. பிடிச்சா இருக்கலாம், பிடிக்கலைன்னா போகலாம். நீங்களும் சுதந்திரம், நானும் சுதந்திரம். நாளைக்கே நீங்க வேணாம்னா நான் வருத்தப்பட மாட்டேன்."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதில் எங்கே ஓட்டை என்று சிலுப்பனுக்குப் பிடிபடவில்லை. "சரி, போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

போய்த்தான் பார்த்தான். மூன்று நாள் தடை முடிந்து மறுபடி சீழ்க்கை வந்தபோதும் அசையாமல் வளை வாசலில் உட்கார்ந்தான். யாராவது நேரில் வந்து கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் வரவில்லை. மடுக்கரையில் குருவம்மாவைப் பார்த்தபோது அவனே பேச்சுக் கொடுத்தான்.

"குருவம்மா, இந்த வருஷம் கூடு எங்கே கட்டியிருக்கே?"

குருவம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. நேரா எதுவும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்குச் சீழ்க்கையை நிறுத்திட்டா நான் எங்கே போவேன்? குஞ்சு வேற பொரிச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்தி, "உங்க வளை இன்னும் அந்த ஆவாரம்புதர்கிட்டேதானா?" என்று கேட்டாள்.

"அதை விட்டு ரொம்ப நாளாச்சே. போன மழையில தண்ணி ஏறிடுச்சு. இப்ப ஓடைக்கரை..."

அதற்குள் மேலே ஒரு மைனா வந்து உட்கார்ந்தாள். குருவம்மா பறந்துபோனாள்.

அப்படி உட்கார்ந்த இரண்டாம் நாள் குட்டிகள் பசியில் ஒன்றையொன்று கடித்தன. மூன்றாம் நாள் சிலுப்பன் மைனாவின் மரத்தடியில் போய் நின்றான். "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றான். மஞ்சரி சொன்னபடியே அவனை யாரும் தடுக்கவில்லை. மறுபடி ஓடத் தொடங்கினான். முன்பைவிட வேகமாக ஓடினான். சீழ்க்கை இல்லாமல் ஒரு புல்லைக்கூட மிதிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

ஆடி பிறந்தது. மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியது. அந்த வருஷக் காற்று சாதாரணக் காற்று இல்லை. மூங்கில்கள் தரையைத் தொட்டு நிமிர்ந்தன. இலுப்பை மரத்தில் பாதி கிளைகள் முறிந்தன. மைனாக்களால் கிளையில் நிற்க முடியவில்லை. சிலர் பொந்துகளுக்குள் ஒடுங்கினார்கள், சிலர் டவுன் பக்கமே அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒரு மரம் அடிக்கிற சீழ்க்கை அடுத்த மரத்துக்கு எட்டவில்லை. காடு முழுக்க இரைச்சல். சிலுப்பனுக்கோ காதில் ஒன்றும் விழாததுபோல் இருந்தது. அவன் வளை வாசலில் நின்றான். உள்ளே போனான். வெளியே வந்தான்.

"ஒரு சீழ்க்கையும் இல்லை. காலையிலிருந்து ஒண்ணுகூட இல்லை. சீழ்க்கை வரிசையிலிருந்து என் பேரை எடுத்துட்டாங்களோ?" என்றான்.

"காத்து அடிக்குது. வேற ஒண்ணும் இல்லை. உள்ளே வாங்க" என்றாள் காரி.

அப்போது ஒரு குரல் வந்தது. காற்று தணிந்த ஒரு நொடியில், ஓடைக்கு எதிர்ப்பக்கமிருந்து, கீச்சுக் கீச்சென்று பல குரல்கள் ஒன்றாக. காரி காதை உயர்த்தினாள்.

"அது குருவம்மா இல்லை? அவளும் அவ அக்கா தங்கச்சிகளும் கத்தற மாதிரி இருக்கு."

சிலுப்பனும் கேட்டான். அவன் ரோமம் தானாகவே எழும்பியது. முன்கால் ஒன்று தரையை விட்டு உயர்ந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன் நிக்கறீங்க?"

"சீழ்க்கை வரலையே."

"இந்தக் காத்துல எந்தச் சீழ்க்கை வரும்?"

"வரும். கொஞ்சம் இரு. வேற யாருக்காவது சொல்லியிருப்பாங்க. நான் பாட்டுக்குப் போனா மறுபடி நிறுத்திடுவாங்க. பிள்ளைங்க பட்டினி கிடந்தது மறந்துபோச்சா?"

குரல்கள் மறுபடி வந்தன. இந்த முறை அவற்றில் ஒன்று மட்டும் தனியாக, உயரமாகக் கேட்டது. சிலுப்பன் மரங்களை அண்ணாந்து பார்த்தான். ஒரு மரத்திலும் யாரும் இல்லை. அவன் காது முன்னும் பின்னும் திரும்பியது. வராத ஒன்றுக்காக அது தவித்தது. குரல் என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது.

காரி அதற்குமேல் பொறுக்கவில்லை. "நீங்க சீழ்க்கையைக் கேளுங்க. நான் குருவம்மாவைக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடைக்குள் இறங்கினாள். அவள் பாம்போடு சண்டை போட்டதே இல்லை.

அதைப் பார்த்தபிறகுதான் சிலுப்பனின் கால்கள் நகர்ந்தன. ஓடையைத் தாவினான், காரியை முந்தினான். எதிர்க்கரையில் ஒரு சூரைமுள் புதர். தினமும் அவன் அதை ஒட்டித்தான் ஓடுவான். நின்று பார்த்ததே இல்லை. புதருக்கு நடுவில் கூடு. கூட்டின்மேல் பெரிய சாரைப்பாம்பு. தவிட்டுக்குருவிகள் சுற்றிச் சுற்றி வந்து அதைக் கொத்தின. அது அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை.

சிலுப்பன் முள்ளுக்குள் பாய்ந்தான். முகத்தில் கிழிந்தது, காதில் கிழிந்தது. சாரை அவன் உடம்பைச் சுற்றியது. அவன் அதன் கழுத்தை விடவே இல்லை. இருவரும் புதரிலிருந்து உருண்டு ஓடை மணலில் விழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாம்பு அசைவதை நிறுத்தியது.

கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருந்தது.

குருவம்மா கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து அந்த ஒன்றைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு சிலுப்பனிடம் கேட்டாள்.

"எங்கேருந்து அண்ணே வர்றீங்க? ரொம்பத் தூரமா?"

சிலுப்பன் ஓடைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தான். அங்கே வளை வாசலில் அவனுடைய குட்டிகள் வரிசையாக நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. குருவம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

"அதுவா உங்க வளை?"

"ஆமா."

"இவ்வளவு பக்கத்துலேயா இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன். நீ கத்தினதும் கேட்டுச்சு. சீழ்க்கை வரட்டும்னு நின்னேன்."

பொய் சொல்லியிருக்கலாம். காற்றில் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குருவம்மா அவனைத் திட்டவில்லை. "நானும் முதல்ல மைனாவைத்தான் தேடினேன். மரம் மரமாப் பறந்தேன். அந்த நேரத்துக்குக் கூட்டுலேயே இருந்திருக்கலாம்" என்றாள். அவள் அக்கா தங்கைகள் அவளைச் சுற்றி நெருக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

காற்று நின்றதும் மைனாக்கள் திரும்பினார்கள். இந்த முறை மஞ்சரியே இறங்கி வந்தாள். கூட்டைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. வாடியது நடிப்பில்லை.

"காத்துக்கு நாங்க என்ன செய்ய முடியும்? இனிமே கிளைக்கு ரெண்டு பேரா நிப்போம். குருவம்மாகிட்டே இந்த வருஷம் முழுக்கப் பங்கு வாங்க மாட்டோம்" என்றாள்.

"என்கிட்டேயும் வாங்க வேணாம்" என்றான் சிலுப்பன். "மடுவுக்கு அக்கரையிலிருந்து யாராவது கூப்பிட்டா உன் சீழ்க்கைக்கு வர்றேன். அதுக்கு உன் பங்கை எடுத்துக்கோ, அது உன் உழைப்பு. கத்தினா காதுல விழற தூரத்துல இருக்கிறவங்களுக்கு நடுவுல நீ வேணாம்."

"அப்ப உங்க பேரை எடுத்துடுவேன், அண்ணே."

"எடுத்துக்கோ."

மஞ்சரி எடுத்துவிட்டாள். பேச்சு மாறாதவள் அவள்.

சிலுப்பன் மறுநாள் காலையிலேயே வேலையில்லாமல் கிளம்பினான். ஒவ்வொரு பொந்தாக, ஒவ்வொரு புதராகப் போனான். "நான் சிலுப்பன். ஓடைக்கரையில வேப்பங்கன்றுக்குப் பக்கத்துல இருக்கேன். இங்கேயிருந்து கத்தினா எனக்குக் கேக்குதான்னு ஒரு தடவை கத்திப் பாருங்க" என்றான். சிலர் சிரித்தார்கள். சிலர் மேலே மைனா இருக்கிறாளா என்று பார்த்தார்கள். முயல் பொந்துக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. குருவம்மாதான் முதலில் கத்தினாள். மைனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முழுத் தொண்டையில் கத்தினாள்.

அந்தப் பருவம் கஷ்டமாகத்தான் போயிற்று. சிலுப்பனும் காரியும் தட்டானும் வெட்டுக்கிளியும் பிடித்துக் குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். சில நாட்கள் அதுவும் இல்லை. தூரத்தில் சீழ்க்கை கேட்கும்போதெல்லாம் சிலுப்பன் காதை உயர்த்துவான். "போய் மறுபடி பேரைச் சேர்த்துக்குங்களேன், யார் வேணாங்கறா" என்பாள் காரி. அவன் மண்ணை நகத்தால் கீறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பிறகு ஒருநாள் நீர்நாய் நேராக வந்து கூப்பிட்டது. கையில் முழு நண்டு. "பங்கு போக மீதி கொடுக்க எனக்கு வெட்கமா இருக்கு" என்றது. பாறைக்காட்டுக் காடை வந்தது. ஒரு மத்தியானம் வளை வாசலில் யாரோ காலைத் தட்டினார்கள். முயல்தான். உள்ளே வராமல், அவன் முகத்தைப் பார்க்காமல், "நரி ரெண்டு நாளா ஓடைப் பக்கம் சுத்துது. பிள்ளைங்களை வெளியே விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிற்று. கருவாலன் பாறைக்காட்டிலேயே ஒரு வளை தோண்டினான். அந்தப் பக்கத்துக் கூப்பாடுகளை அவன் பார்த்துக்கொண்டான். முடியாதபோது சிலுப்பனைக் கூப்பிட்டான். மற்றக் கீரிகளும் ஒவ்வொருவராக அப்படி ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

இலுப்பை மரத்தில் சீழ்க்கை அடித்தால் கேட்டு ஓடிவரக் கீரி குறைந்தது. ஒரு நாள் மஞ்சரி ஓடைக்கரைக்கு வந்தாள். உயரமான கிளையை விட்டு வேப்பங்கன்றின் தாழ்ந்த கொம்பில் உட்கார்ந்தாள்.

"மடுவுக்கு அக்கரையிலிருந்து நிறையக் கூப்பாடு வருது. கீரி இல்லை. பங்கைப் பழையபடி குறைச்சுடறேன். நேராப் பேசக்கூடாதுங்கிறதையும் எடுத்துடறேன். வர்றீங்களா?"

"நான் அன்னைக்கு இதைத்தானே கேட்டேன். ஏன் கொடுக்கலை?" என்று கேட்டான் சிலுப்பன்.

மஞ்சரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். "அன்னைக்கு உங்களுக்குப் போக வேற இடம் இல்லை."

சிலுப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வரவில்லை. இலுப்பை மரத்தடியில் நின்று பதில் தெரியாமல் விழித்த நாள் அவனுக்கு நினைவு வந்தது. அன்று பிடிபடாதது இப்போது பிடிபட்டது.

"வர்றேன்" என்றான். "ஆனா இந்த ஓடைப் பக்கம் யாராவது கத்தினா, பாதி வழியிலேயே உன் வேலையை விட்டுட்டுத் திரும்பிடுவேன். அதுக்கு எத்தனை சீழ்க்கை குறைச்சாலும் சரி."

மஞ்சரி தலையை ஆட்டிவிட்டு அக்கரையைப் பார்த்துப் பறந்தாள். சிலுப்பன் குட்டிகளை எழுப்பினான். தான் எந்தப் பக்கம் போகிறான் என்று காரியிடம் சொன்னான். ஓடையைத் தாண்டும்போது குருவம்மாவிடமும் நின்று சொல்லிவிட்டு, அவள் "சரி, போய்ட்டு வாங்க" என்று சொன்ன பிறகுதான் ஓடினான்.

விட்டுப் போக வேறு இடம் உள்ளவனுக்குத்தான் சந்தை சுதந்திரம் தரும். ஆகையால் எந்தப் புது வசதியை ஏற்றுக்கொண்டாலும், அக்கம்பக்கத்தாரோடு நேருக்கு நேர் பேசும் வழியை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடக் கூடாது.